மண் கழிவு

உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் உண்டு என்பது மூக்கரின் முடிவு. கம்பளி மூட்டைக்குள் மண்ணைப் போடுகிறவர்கள் ஒரு வகை, போட்டு இன்னும் மாட்டிக்கொள்ளாதவர்கள் இன்னொரு வகை. மூன்றாவதாக ஒரு வகை இருப்பதாக யாராவது சொன்னால், சொன்னவன் இந்த இரண்டில் எது என்று அவர் உடனே யோசிக்கத் தொடங்கிவிடுவார்.

மூக்கு பெரிதாக இருந்ததால் வந்த பெயர் இல்லை அது. பார்க்கப்போனால் சப்பை மூக்குதான். வேலை செய்கிற விதத்தால் வந்தது. ஆட்டுக்காரர்கள் கத்தரித்துக் கட்டிக் கொண்டுவருகிற மூட்டையின் வாயைப் பிரித்து, கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு பிடி ரோமத்தை உருவி எடுத்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். பிறகு கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "நடுவுல மட்டமான வயித்து ரோமம். மேல மட்டும் தோள் ரோமத்தைப் பரப்பி வச்சிருக்க. ராத்திரி பனியில வெளியே போட்டிருக்க, ஈரம் ஏறட்டும்னு. மண்ணு உங்க ஊரு ஓடைக்கரை மண்ணு. எடுத்துட்டுப் போய்த் தராசுல வை." இவ்வளவையும் பல் கடிக்கிற ஒரு வெறுப்போடு சொல்வார். எதிரில் நிற்கிறவன் தலையைச் சொறிந்துகொண்டு, "என்ன அண்ணே, எல்லாம் தெரிஞ்சதுதானே" என்பான்.

எல்லாம் தெரிந்ததுதான், அதுதான் அந்தத் தொழிலின் கேவலம். கழுவாத ரோமத்தை எடைக்குத்தான் வாங்குவார்கள். மண்ணும் எடைதானே என்று ஆட்டுக்காரர்கள் மண்ணைப் போட்டார்கள். மண் இருக்கிறதே என்று கிடங்கில் ஒவ்வொரு எடையிலும் கால் பங்கை 'மண் கழிவு' என்று தள்ளினார்கள். எப்படியும் கால் பங்கு போகிறதே, போகிறது ரோமமாகப் போவானேன், மண்ணாகவே போகட்டும் என்று அவர்கள் இன்னும் கொஞ்சம் போட்டார்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் கோழியா முட்டையா கதைதான். மண் போடாதவன் அங்கே யோக்கியன் இல்லை, வடிகட்டின முட்டாள்.

மூட்டை கொண்டுவருகிற யாரையும் மூக்கருக்குப் பிடிக்காது. ஒருவருக்கு மட்டும், அதுவும் மனசுக்குள், அரை மதிப்பெண் போடுவார். அந்த ஆளுக்குப் பவுடர் என்று பட்டப்பெயர். மண்ணை வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி ஆக்கி, ரோமத்தின் மேல் விசிறுவார். உதறினாலும் உதிராது. "திருட்டுப் பயல்தான், ஆனா தொழில் சுத்தம்" என்று மூக்கர் ஒருமுறை வாய்விட்டே சொல்லியிருக்கிறார். பவுடர் அதைப் பட்டம் வாங்கின மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கிடங்கு மூக்கரின் அக்கா புருஷனுடையது. முன்பக்கம் தகரக் கொட்டகை, அதில் தராசு, தராசுக்குப் பக்கத்தில் மூக்கரின் நாற்காலி, எதிரில் ஆட்டுக்காரர்கள் உட்காருகிற பெஞ்சு. பின்கட்டில் வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ரோமத்தை அலசி, களத்தில் காயப்போட்டு, போர்வையும் கம்பளமும் நெய்கிற ஆலைகளுக்கு அனுப்புவார்கள். அத்தானுக்கு ஆட்டு ரோமத்துக்கும் தலையணைப் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பா விட்டுப்போன கிடங்கு, அதனால் முதலாளி. எந்த விஷயமானாலும் "சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம்" என்பார். சாப்பிட்டால் தூக்கம் வரும். தூங்கி எழுந்தால் விஷயம் தானாகவே முடிந்திருக்கும். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு மனிதர் தொந்தியும் தொப்பையுமாக நன்றாகத்தான் இருந்தார்.

மூக்கர் இருந்தது அக்கா வீட்டு மாடி அறையில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் பெண்ணின் அப்பா எதை மறைக்கிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே அவருக்கு வயது போய்விட்டது. அக்கா சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, உப்பு பத்தவில்லை என்று சொல்லிக்கொண்டு, அத்தானை மனசுக்குள் மட்டமாக நினைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலி இல்லையென்றால் அவர் யாரோ ஒருவர். அது அவருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் குடைக்காரம்மா வந்தாள்.

சின்ன லாரி ஒன்றில் மூட்டைகளை ஏற்றி, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிசல் தைத்த ஒரு பெரிய கறுப்புக் குடையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். ஆடு மேய்க்கும்போதும் அந்தக் குடைதானாம். புருஷன் இருந்தவரைக்கும் அவன்தான் வேறு ஏதோ மண்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் போன பிறகு இவளே கிளம்பிவிட்டாள். ஐம்பதைத் தாண்டின, கறுத்து மெலிந்த உடம்பு. ஆனால் பார்வை இருக்கிறதே, கொட்டகையில் நின்ற எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, இதில் ஒன்றும் தேறாது என்று தள்ளிவிட்டது. அந்தப் பார்வை தன்னுடையது என்று மூக்கர் நினைத்திருந்தார். இன்னொருத்தி முகத்தில் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை.

முதல் மூட்டைக்குள் கையை விட்டார். ரோமம் விரலில் வழுக்கிக்கொண்டு வந்தது. கண்ணை மூடி முகர்ந்தார். ஆட்டுப் பிசுக்கு வாசனை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு பிடி எடுத்தார். விரலிடுக்கில் தேய்த்தார். காதருகே வைத்துக் கசக்கினார், மண் இருந்தால் நறநறக்கும். நறநறக்கவில்லை. அடுத்த மூட்டை, அதற்கடுத்தது. மூலையில் பார்த்தார், அடியில் பார்த்தார், தையல் ஓரத்தில் பார்த்தார். வயிற்று ரோமத்தைத் தனி மூட்டையாகவே கட்டி, "இது மட்டம்" என்று அவளே காட்டினாள். கொட்டகையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"என்ன போட்டிருக்கீங்க?" என்றார் மூக்கர்.

"ஆட்டு ரோமம்."

"அது தெரியுது. அதோட என்ன போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் போடலை."

"மண்ணே போடலையா?"

"எதுக்குப் போடணும்? மண்ணு வேணும்னா மண்ணு விக்கிற இடத்துல வாங்கிக்குங்க."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தான். மூக்கர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"கத்தரிக்கிறதுக்கு முன்னாடி ஆட்டை ஓடுற தண்ணியில குளிப்பாட்டி, புல்லுல விட்டுக் காயவைப்பேன்" என்றாள் குடைக்காரம்மா. "முடி வெட்டிக்க வர்றவன் அழுக்குத் தலையோட வந்தா உங்களுக்கு அருவருப்பா இருக்குமா இல்லையா? எனக்கு அருவருப்பு. அவ்வளவுதான். யோக்கியதை அது இதுன்னு நினைச்சுக்காதீங்க. அந்த மண்ணை யாரு அள்ளிச் சுமக்கிறது?"

"சரி. எடை போடுங்க. வழக்கப்படி மண் கழிவு போக மீதி."

"இல்லாத மண்ணுக்கு என்ன கழிவு?"

"வழக்கம்னு ஒண்ணு இருக்கும்மா."

"அது திருடனுங்க வழக்கம். நீங்களும் அவனுங்களும் பேசி வச்சுக்கிட்டது. என்னை எதுக்கு அதுல இழுக்கிறீங்க? ரெண்டு வாளி சுடுதண்ணி கொண்டு வரச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு அத்தான் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். வாளிகளும் வந்தன. குடைக்காரம்மா தன் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து வெந்நீரில் அலசிப் பிழிந்தாள். தண்ணீர் லேசாக மஞ்சளித்தது, அவ்வளவுதான். அடியில் வாளியின் தகரம் தெரிந்தது. பிறகு அவள் யாரையும் கேட்காமல், பக்கத்தில் பிரித்து வைத்திருந்த பவுடரின் மூட்டையிலிருந்தும் ஒரு பிடியை எடுத்து இன்னொரு வாளியில் முக்கினாள். தண்ணீர் குழம்பாகிவிட்டது. கொஞ்ச நேரம் தெளியவிட்டுச் சாய்த்து ஊற்றினால், அடியில் இரண்டு விரல்கடை சேறு. பவுடர் கொட்டகையின் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதான் விஷயம்" என்றாள் குடைக்காரம்மா. "கொண்டு வர்றவன் முன்னாடியே ஒரு பிடியை அலசுங்க. அலசினப்புறம் ரோமம் எவ்வளவு நிக்குதோ அதுக்கு விலை. போடாதவனுக்கு முழு விலை குடுத்தா நாளைக்கு எவன் மண்ணைப் போடப் போறான்? இதுக்குப் போயி ஒரு ஆளை நாற்காலி போட்டு உட்கார வச்சு மோந்து பாக்கச் சொல்லுவாங்களா?"

அத்தான் வாளியைப் பார்த்தார். மூக்கரைப் பார்த்தார். மறுபடி வாளியைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு விஷயம் புரிந்தது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

மூக்கரை உள்ளறைக்குக் கூப்பிட்டார். "மச்சான், தப்பா எடுத்துக்காதே. கம்பள ஆலைக்காரன் சுத்தமான சரக்கு கேட்டு உயிரை எடுக்கிறான். இந்த அம்மா சொல்றது நல்ல யோசனையாத்தானே இருக்கு?"

"அத்தான், மண்ணு போடாம எவனும் கம்பளி கொண்டு வர மாட்டான். இதுல பெரிசா ஏதோ இருக்கு. நான் கண்டுபிடிக்கிறேன்."

"கண்டுபிடி, வேண்டாங்கலை. சாப்பிட்டுட்டு வந்து பார்ப்போம். நீ ஒண்ணும் காட்டலைன்னா வாளியை வச்சுட வேண்டியதுதான்." சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே சிரித்தார். "வாளி மாடியில குடியிருக்காது பாரு. உப்பு பத்தலைன்னும் சொல்லாது."

இத்தனை வருஷமாக அத்தானை மடையன் என்று நினைத்துக்கொண்டிருந்த மூக்கருக்கு, மடையன் இவ்வளவு நாளாக ஒவ்வொரு உப்பையும் எண்ணிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

வெளியே பெஞ்சில் ஒரே முணுமுணுப்பு. "நம்ம பொழைப்புல மண்ணை அள்ளிப் போட வந்துட்டாளே" என்று பவுடர் அங்கலாய்த்தார். சொன்னதில் இருந்த வேடிக்கை அவருக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. வாளி வந்தால் வேட்டித் துணி வித்தையெல்லாம் ஒரே நாளில் அம்பலம். குடைக்காரம்மா லாரி நிழலில் குடையை விரித்து, யாரோடும் பேசாமல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அத்தான் சாப்பிடப் போனார். தொட்டி ஆட்கள் பின்கட்டு மரத்தடிக்குப் போனார்கள். தராசின் மறுபக்கம் குடைக்காரம்மாவின் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூக்கர் நாற்காலியில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி மண் போடாமல் வந்துவிட்டாள். அப்படியானால் நாளைக்கு இன்னொருவனும் வரலாம். எல்லாரும் வரலாம். வந்தால் இவருக்கு என்ன வேலை? ஆலையில் ரோமம் பிரிக்கிற கூடத்தில் கேட்டால் இடம் கொடுப்பார்கள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தூசுக்குள் நிற்கலாம். அந்தக் கூடத்து மேஸ்திரியைப் போன வாரம்தான் நாலு பேர் எதிரில் கழுதை என்று சொல்லியிருந்தார். யோசித்துப் பார்த்தால் இவர் கழுதை என்று சொல்லாத ஆள் அந்தத் தொழிலிலேயே யாரும் மிச்சமில்லை. திருடர்களை நம்பித்தான் இத்தனை காலம் சோறு தின்றிருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. அதை அவர் கொசுவை விரட்டுவது போல விரட்டிவிட்டார்.

அவள் போட்டுத்தான் இருப்பாள். எல்லாரும் போடுகிறார்கள், இவள் மட்டும் வானத்திலிருந்தா குதித்தாள்? எங்கே என்பதுதான் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, இருக்கிறது என்பது நிச்சயம்தானே. நிச்சயமாக இருக்கிற ஒன்றை எடுத்துக் காட்டுவதில் என்ன தப்பு?

இப்படி யோசித்துக்கொண்டே எழுந்து பின்கட்டுக்குப் போனார். தொட்டிகளின் தண்ணீர் வடிகிற குழிக்குப் பக்கத்தில், குழியிலிருந்து வாரிக் குவித்த ஈர மண் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி ஒரு காகிதத்தில் கட்டினார். தராசுக்கு வந்து, குனிந்து, நடு மூட்டையின் தையலை இரண்டு விரலால் பிரித்து, காகிதத்தோடு கையை உள்ளே விட்டு, மண்ணை அப்படியே கொட்டிவிட்டு, தையலைத் திரும்ப இழுத்துக் கட்டினார். பெஞ்சில் ஆட்டுக்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

அத்தான் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்ததும் மூக்கர் எழுந்தார். எல்லாரையும் கூப்பிட்டார். குடைக்காரம்மாவும் வந்து நின்றாள். "சும்மா மேலாகப் பார்த்தா தெரியாது" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு மூட்டையாகத் தட்டி, நடு மூட்டையில் நின்று, தலையைச் சாய்த்து, கையை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் கறுப்பாக, ஒரு தேங்காய்க் கீற்றுப் பருமனுக்கு, மண் கட்டி.

"இது என்னம்மா?" என்றார். குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்தது. "வானத்துல இருந்து விழுந்துச்சா?"

கட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் மூக்கரின் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. சோடா வாசனை கொட்டகை முழுக்க அடித்தது. கண்ணை மூடித்தான் முகர வேண்டும் என்றில்லை, சளி பிடித்தவனுக்கும் அது எந்தக் குழி மண் என்று தெரியும்.

அத்தானுக்குத் தெரியவில்லை. "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். "பாத்தியா மச்சான், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். அந்த வாளியைக் கொண்டுபோய் உள்ளே வைங்கப்பா." தூக்கம் வந்துவிட்டது, உள்ளறைக்குப் போய்விட்டார்.

குடைக்காரம்மா அந்தக் கட்டியைக் குனிந்து பார்த்தாள். பிறகு மூக்கரின் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருக்கலாம்.

"இதை எவன் போட்டான்னு நான் கேக்கப் போறதில்லை" என்றாள். "கேட்டா உன்கூடப் பேசணும்."

அவ்வளவுதான். டிரைவரைக் கூப்பிட்டாள். இருவருமாக மூட்டைகளை லாரியில் ஏற்றினார்கள். நடு மூட்டையை மட்டும் அவள் கீழே கவிழ்த்து, நனைந்த ரோமத்தைப் பிய்த்துத் தரையில் போட்டுவிட்டு, மீதியைக் கட்டி ஏற்றிக்கொண்டாள். யாரும் உதவிக்குப் போகவில்லை. லாரி வாசலைத் தாண்டும்போது குடை மறுபடி ஜன்னலுக்கு வெளியே வந்தது. கம்பள ஆலைக்காரன் கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருந்த சுத்தமான சரக்கு, வேறு ஏதோ ஊரைப் பார்த்துப் போய்விட்டது.

மூக்கர் நாற்காலிக்கு வந்தார். நாற்காலி பத்திரமாக இருந்தது. உட்கார்ந்து, துண்டில் கையைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வாசனை போகவில்லை. ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். இனி யார் எதிரிலும் போய் நிற்க வேண்டாம், மாடி அறை இருக்கிறது, அக்கா சாப்பாடு இருக்கிறது.

தலை நிமிர்ந்தபோது ஆட்டுக்காரர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை, முதுகுக்குப் பின்னால்தான் சிரிப்பார்கள். இப்போது நேராகச் சிரித்தார்கள். கேலி இல்லை. கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஒருவன் போய் டீ வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தான். "குடிங்க அண்ணே" என்றான். அந்தக் குரலில் இருந்த அன்பைக் கேட்டதும் மூக்கருக்கு உடம்பெல்லாம் கூசியது.

பவுடர் எழுந்து வந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் தோளில் கையைப் போட்டார். அந்தத் தோளில் அப்படி யாரும் கை போட்டதில்லை. தட்டிவிட வேண்டும் என்று நினைத்தார். தட்டிவிட எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அண்ணே, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றார் பவுடர், ரகசியம் பேசுகிற குரலில், ஆனால் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி. "ஈர மண்ணைப் போடக் கூடாது. கட்டி தட்டிடும், பாத்தீங்கள்ல? நல்லா காயவச்சு, துணியில சலிச்சுக்கணும். அப்புறம் ஒரே இடத்துல கொட்டக் கூடாது. விசிறணும், இப்படி, மேலாக."

விரல்களை விரித்துக் காட்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"மண்ணு என்னமோ நல்ல மண்ணுதான்" என்றார் பவுடர். "அந்தக் குழியில கிடக்கிறதுல பாதி நான் போட்டதுதானே."

மூக்கர் எதையாவது சொல்ல வாயைத் திறந்தார். திருட்டுப் பயல் என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அதை இனி யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் டீயோடு சேர்த்து விழுங்கினார். அவமானத்தில் காது மடல் எரிந்தது. அங்கேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. பவுடருக்கு அது வேறு மாதிரி பட்டிருக்க வேண்டும். தோளை இன்னொரு தடவை அழுத்தித் தட்டிக்கொடுத்தார்.

"முதல் தடவைதானே அண்ணே. விடுங்க. போகப் போகக் கை பழகிடும்."